ஏரி காத்த ஊர்: உத்திரமேரூரின் வரலாறும் சிறப்பும்

தொண்டை மண்டலத்தில் காவிரி போன்ற ஆறு இல்லை. பாலாறும் செய்யாறும் வேகவதியும் மழைக்காலத்தில் பெருகி, எஞ்சிய மாதங்களில் வெறும் மணலாறுகளாகக் கிடப்பன. ஆயினும் அந்நாடு பல நூற்றாண்டுகளாக நெல் விளையும் நாடாகவே இருந்து வந்துள்ளது. எதனால்? ஏரிகளால். ஐப்பசி, கார்த்திகையில் பெய்யும் மழையைக் கரை கட்டித் தேக்கி, தை, மாசி வரையில் கழனிக்குப் பாய்ச்சிய உழைப்பினால். பழைய செங்கற்பட்டு ஜில்லாவை 'ஏரி மாவட்டம்' என்று வழங்கியது வெறும் புகழ்ச்சியன்று.

அந்த ஏரிகளின் ஓரத்தே எத்தனையோ சிற்றூர்கள் உள்ளன. அவற்றுள் ஒன்று உத்திரமேரூர். காஞ்சிபுரத்திற்குத் தெற்கே ஏறக்குறைய 30 கிலோமீட்டர் தொலைவில் இருக்கும் பேரூராட்சி அது. 2011-ஆம் ஆண்டின் குடிமதிப்புப்படி அங்கே ஏறத்தாழ 25 ஆயிரம் மக்கள் வாழ்ந்தனர். ஊரைச் சுற்றிலும் நெற்கழனிகள். ஊருக்கு ரயில் பாதை கிடையாது. கடைத்தெருவில் உர மூட்டைகளும் விதை நெல்லும் விற்கும் கடைகளைக் காணலாம். மேலோட்டமாகப் பார்ப்பவர் கண்ணுக்கு, தமிழ்நாட்டின் மற்ற உழவர் ஊர்களைப் போன்றதே இவ்வூரும்.

எனினும் 2020 டிசம்பர் 10-ஆம் நாள் புதுடில்லியில் புதிய பாராளுமன்றக் கட்டடத்திற்கு அடிக்கல் நாட்டிய பாரதப் பிரதமர், தம் உரையில் இவ்வூரின் பெயரைச் சொன்னார். அன்று முதல், நம்மோடு அலுவலகத்தில் பணிபுரியும் வங்காளத்து நண்பரும் பீகாரத்து நண்பரும்கூட, 'ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் தேர்தல் நடந்த ஊராமே, அஃது எங்கே இருக்கிறது?' என்று நம்மைக் கேட்கின்றனர். கேட்பவர்க்கு விடை சொல்ல நாம் அறிந்திருத்தல் வேண்டுமன்றோ? அதிலும், பலரும் சொல்லும் பாதி விடையோடு நிறுத்தாமல், முழு விடையையும் சொல்லவேண்டும் என்பதே இக்கட்டுரையின் நோக்கம். தேர்தலைப் பற்றிப் பேசுவோர் பலர். அத்தேர்தல் எதைக் காப்பதற்காக நடந்தது என்று பேசுவோர் சிலரே.

ஊரின் தோற்றம்

கி.பி. 8-ஆம் நூற்றாண்டில் காஞ்சியைத் தலைநகராகக் கொண்டு ஆண்ட இரண்டாம் நந்திவர்ம பல்லவன் காலத்தில், வேதம் வல்ல அந்தணர்க்குத் தானமாக அளிக்கப்பெற்ற ஊர் இது என்பர். இத்தகைய ஊர்களைப் பிரமதேயம் என்றும், சதுர்வேதிமங்கலம் என்றும் வழங்கினர். உத்தரமேரு சதுர்வேதிமங்கலம் என்பது இதன் பழம்பெயர். அப்பெயரே மக்கள் நாவில் தேய்ந்து உத்திரமேரூர் ஆயிற்று.

பல்லவர்க்குப் பின் சோழரும், அவர்க்குப் பின் தெலுங்குச் சோழரும் விசயநகரத்தாரும் இவ்வூரை ஆண்டனர். அரசுகள் மாறினவே தவிர, ஊர்க் கோயில்களின் சுவர்களில் கல்வெட்டுப் பொறிக்கும் வழக்கம் மாறவில்லை. 1898-ஆம் ஆண்டில் அரசாங்கக் கல்வெட்டுத் துறையினர் இவ்வூருக்கு வந்து அக்கல்வெட்டுகளைப் படியெடுத்தனர். அவற்றுள் இரண்டு, பண்டைத் தமிழரின் ஊராட்சி பற்றிய ஆராய்ச்சிக்கே புதிய வாயிலைத் திறந்துவிட்டன. பேராசிரியர் கே.ஏ. நீலகண்ட சாஸ்திரியார் அவற்றை விரிவாக ஆராய்ந்து எழுதியபின், வரலாறு பயிலும் மாணவர் எவரும் உத்திரமேரூரைத் தாண்டிச் செல்ல இயலாது என்னும் நிலை ஏற்பட்டது.

வயிரமேகத் தடாகம்

கல்வெட்டுக்குச் செல்லுமுன் ஏரிக்குச் செல்வோம். ஊரின் வாழ்வு அங்கேதான் தொடங்குகிறது.

உத்திரமேரூர்ப் பெரிய ஏரிக்குக் கல்வெட்டுகள் தரும் பெயர் வயிரமேகத் தடாகம் என்பது. ஆயிரத்து நூறு ஆண்டுகளுக்கு மேலாக அங்கே நீர் தேங்கி வருகின்றது. கரையிலே நின்று ஒருபுறம் பார்த்தால் நீர்ப்பரப்பு. மறுபுறம் பார்த்தால் நெற்பரப்பு. இரண்டுக்கும் இடையே நிற்பது அந்த மண்கரை ஒன்றே.

நம் காலனியில் பிறந்து, குழாயைத் திருகினால் நீர் வரும் என்று மட்டுமே அறிந்த பிள்ளைகளுக்காக, ஏரி இயங்கும் முறையை இங்குச் சுருக்கமாகச் சொல்லுகிறேன். மேட்டு நிலத்தில் பெய்த மழைநீர் வரத்துக்கால் வழியே ஏரியை வந்தடையும். கரை அதைத் தடுத்து நிறுத்தும். கரையின் அடியிலே மதகு இருக்கும். அதைத் திறந்தால் கால்வாய் வழியே கழனிக்கு நீர் பாயும். ஏரி நிறைந்த பிறகு மிகுந்த நீர் கரையை உடைத்துவிடாமல் வழிந்தோடுவதற்குக் கலங்கல் என்னும் கல்லணை ஒன்று ஓரத்தில் கட்டப்பட்டிருக்கும். கல்வெட்டுகள் இதனைக் கலிங்கு என்று குறிக்கும். அவ்வாறு வழிந்த நீர் வீணாவதன்று. அடுத்த ஊர் ஏரிக்கு அதுவே வரத்து. இங்ஙனம் ஏரிகள் சங்கிலித் தொடர் போல ஒன்றோடொன்று பிணைந்திருக்கும்.

இதிலுள்ள தொல்லை யாதெனில், மழைநீரோடு வண்டலும் வந்து சேரும். ஆண்டுதோறும் தூர் எடுக்காவிடில் ஏரி மேடாகிவிடும். கரையை ஆண்டுதோறும் மண்ணிட்டு உயர்த்தாவிடில் ஒரு மழை இரவில் உடைந்துபோகும். உடைந்தால் ஒருவன் வயல் மட்டும் அழிவதில்லை. ஊர் முழுவதன் வயலும் அழியும். ஆகவே ஏரி தனியொருவன் உடைமையாக இருத்தல் இயலாது. தனியொருவனால் காக்கவும் இயலாது. உத்திரமேரூரில் ஏரியைத் தூர் எடுப்பதற்கென்றே பொன்னும் நெல்லும் அறக்கொடையாக விடப்பட்டதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. முதல் அழியாமல் இருக்க, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் வேலை நடைபெறும் ஏற்பாடு அது.

பொது உடைமை இருக்கும் இடத்தில் பொதுப்பணம் இருக்கும். பொதுப்பணம் இருக்கும் இடத்தில் அதைக் கையாளுவோர் யார் என்னும் கேள்வி எழும். அக்கேள்விக்கு அவ்வூரார் கண்ட விடையே குடவோலை.

குடவோலை முறை

முதலாம் பராந்தக சோழனின் 12-ஆம் ஆட்சியாண்டிலும் 14-ஆம் ஆட்சியாண்டிலும், அதாவது கி.பி. 919-இலும் 921-இலும், உத்திரமேரூர் மகாசபையார் கூடி, வாரியம் எனப்படும் குழுக்களுக்கு உறுப்பினரைத் தெரிந்தெடுக்கும் முறையை வகுத்தனர். இரண்டு கூட்டங்களிலும் அரசனின் அதிகாரி ஒருவர் உடனிருந்தார். முதல் கூட்டத்திற்கு வந்தவர் தத்தனூர் மூவேந்த வேளான். இரண்டாம் கூட்டத்திற்கு வந்தவர் சோமாசிபெருமான் என்னும் பட்டர். ஒருமுறை வகுத்த சட்டத்தை இரண்டே ஆண்டுகளில் திருத்தினர் என்பது கருதத்தக்கது. முதல் சட்டத்தில் வயது 30-க்கு மேல் 60-க்குள் என்றிருந்தது. திருத்தத்தில் 35-க்கு மேல் 70-க்குள் என்று ஆயிற்று.

ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. குடும்பு என்பதை இக்காலத்து வார்டு என்று கொள்ளலாம். உறுப்பினராவதற்கு உரியவர் யார்? வரி செலுத்தும் நிலம் கால்வேலிக்கு மேல் உடையவராய், சொந்த மனையில் வீடு கட்டிக்கொண்டு வாழ்பவராய், வேதப் பயிற்சி உடையவராய், நேர்மையான வழியில் பொருள் ஈட்டியவராய் இருத்தல் வேண்டும். கல்வி மிக்கவராயின் அரைக்கால் வேலி நிலமே போதும். கடந்த மூன்றாண்டுகளில் எந்த வாரியத்திலும் இருந்தவராக இருத்தல் கூடாது.

குடும்புதோறும் தகுதியுடையவர் பெயர்களைத் தனித்தனி ஓலையில் எழுதி, கட்டாகக் கட்டி, இன்ன குடும்பு என்று வாயோலை சேர்த்துக் குடத்தில் இடுவர். சிறியோரும் முதியோருமாக மகாசபை முழுவதும் கூடியிருக்கும். ஊரிலுள்ள கோயில் நம்பிமார் ஒருவர் விடாமல் அங்கே இருத்தல் வேண்டும். அவருள் மூத்தவர் குடத்தை எல்லாரும் காணும்படி உயர்த்திப் பிடிப்பார். விவரம் அறியாச் சிறுவன் ஒருவன் ஒரு கட்டை எடுப்பான். அக்கட்டை அவிழ்த்து வேறொரு குடத்திலிட்டுக் குலைத்தபின், அதினின்றும் ஓரோலையை அவனே எடுத்துத் தருவான். மத்தியஸ்தன் அதனை ஐந்து விரலும் விரித்த உள்ளங்கையிலே வாங்குவான். விரலிடுக்கில் வேறோர் ஓலையை மறைத்து வைத்து மாற்றிவிடலாகாது என்பதற்காகவே இந்த விதி. வாங்கிய ஓலையை அவன் படிப்பான்; பின்னர் நம்பிமார் அனைவரும் படிப்பர். அப்பெயர் ஏற்கப்படும்.

இங்ஙனம் 30 குடும்புக்கும் 30 பேர் தேர்ந்தெடுக்கப்பெறுவர். அவருள் 12 பேர் சம்வத்சர வாரியம், அதாவது ஆட்டை வாரியம்; 12 பேர் தோட்ட வாரியம்; 6 பேர் ஏரி வாரியம். ஆட்டை வாரியமே பெரியது. முன்னர்த் தோட்ட வாரியமும் ஏரி வாரியமும் செய்தவர்களுக்கும், கல்வியிலும் வயதிலும் முதிர்ந்தவர்களுக்குமே அதில் இடம். ஏரிக்கரையில் உழைத்தவனுக்கே ஊர் முழுவதையும் மேற்பார்க்கும் தகுதி உண்டு என்பது அவர்கள் கொள்கை போலும். இவையன்றிப் பஞ்சவார வாரியம், பொன் வாரியம் என்பனவும் இருந்தன. கழனி வாரியம், கலிங்கு வாரியம் முதலிய பெயர்களும் அவ்வூர்க் கல்வெட்டுகளில் காணப்படுகின்றன. பதவிக் காலம் 360 நாள். இடையிலே ஒருவன் குற்றவாளி என்று தெரிந்தால் அப்போதே நீக்கப்படுவான்.

கணக்குக் காட்டாதவன்

பல ஆண்டுகளாக ரயில்வே அலுவலகத்துப் பேரேடுகளோடு பழகிய எனக்கு, இக்கல்வெட்டில் குடத்தைக் காட்டிலும் கணக்கைப் பற்றிய விதிகளே மிக்க வியப்பைத் தருகின்றன.

தகுதியில்லாதவர் பட்டியலின் தலைப்பிலேயே வைக்கப்பட்டிருப்பவன் யார் தெரியுமா? வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன். அவன் மட்டுமல்லன், அவனுடைய சிற்றன்னை பெரியன்னை மக்கள், அத்தை மக்கள், மாமன் மக்கள், உடன்பிறந்தார், மைத்துனன், மருமகன், தந்தை, மகன் ஆகிய எவர் பெயரும் குடத்தில் இடப்படலாகாது. ஒருவன் கணக்குத் தராமல் விலகி, தன் மைத்துனனை முன்னிறுத்திப் பின்னாலிருந்து நடத்தும் சூழ்ச்சியை அவர்கள் அன்றே அறிந்திருந்தனர் என்பது வெள்ளிடை மலை.

கணக்கு எழுதுபவனுக்கும் விதி உண்டு. அவன் நேர்மையாகச் சம்பாதித்தவனாக இருத்தல் வேண்டும். தான் எழுதிய கணக்கைத் தானே பெருமக்கள் முன் காட்டி, சரியென்று அவர்கள் ஒப்பினாலன்றி மீண்டும் அப்பணியில் அமர இயலாது. அவன் கணக்கை முடிக்க வேறொருவனை அழைத்து வரவும் கூடாது. ஒரு நிலையத்தின் பொறுப்பை ஒருவர் மற்றொருவரிடம் ஒப்படைக்கும்போது, காசு, டிக்கட்டுக் கட்டு, சாவி ஆகியவற்றை எண்ணிக் காட்டிக் கையொப்பம் வாங்கும் நமக்கு, இவ்விதியின் அருமையைக் கூறவும் வேண்டுமோ?

மற்றொரு கல்வெட்டு இதனினும் நுட்பமானது. ஊரிலே பொன்னை உரைத்து மாற்றுப் பார்ப்பதற்கென்று சிலர் நியமிக்கப்பட்டனர். உரைகல்லில் படிந்த பொற்றுகளை மெழுகினால் ஒற்றி எடுப்பது அத்தொழிலின் வழக்கம். அம்மெழுகை அவர்கள் தம் வீட்டுக்குக் கொண்டு போகலாகாது. ஏரி வாரியப் பெருமக்களிடம் ஒப்படைத்துவிட வேண்டும். மெழுகில் ஒட்டிய துகள் எவ்வளவு இருக்கும்? மிகச் சிறிதே. ஆயினும் அச்சிறிதும் பொதுவினுடையது. அது சேரவேண்டிய இடம் ஏரியே என்று அவ்வூரார் கருதினர். வயிரமேகத் தடாகம் ஆயிரம் ஆண்டு நிலைத்ததன் இரகசியம் இதில் அடங்கியுள்ளது என்பது என் துணிபு.

பெருமையும் குறையும்

நிற்க. பெருமை பேசும்போது உண்மையை மறைத்தல் ஆகாது. குடவோலை என்பது வாக்கெடுப்பு அன்று, திருவுளச்சீட்டு. ஒவ்வொருவரும் தம் விருப்பத்தைத் தெரிவித்த இரகசிய வாக்குப்பெட்டி அது என்று சில மேடைகளில் பேசப்படுவது பொருந்தாது. மேலும், நிலமும் வேதக் கல்வியும் உடைய அந்தண ஆடவர்க்கே அங்கு இடமிருந்தது. ஏரிக்கு மண் சுமந்த கூலியாளுக்கும், நாற்று நட்ட பெண்ணுக்கும், ஏர் ஓட்டிய உழவனுக்கும் அக்குடத்தில் ஓலை இல்லை. ஏனைய ஊர்களில் நிலமுடையோர் கூடிய 'ஊர்' என்னும் சபையும், வணிகர் கூடிய 'நகரம்' என்னும் சபையும் இருந்தன. அங்கும் எல்லார்க்கும் இடமிருந்ததென்று சொல்வதற்கில்லை.

அக்குறையை நிறைத்தது நம் காலத்துச் சட்டமே. 1948 நவம்பரில் அரசியல் நிர்ணய சபையில், கிராமப் பஞ்சாயத்துகளை அமைப்பது அரசின் கடமை என்னும் பிரிவைக் கொண்டு வந்தவர் கே. சந்தானம். சுதந்திர பாரதத்தின் தொடக்க ஆண்டுகளில் ரயில்வே இணையமைச்சராக இருந்தவர் அவர் என்பது நமக்கெல்லாம் மகிழ்ச்சி தரும் செய்தி. அவ்விவாதத்தில் ஆந்திர கேசரி டி. பிரகாசம் எழுந்து, காஞ்சிக்கு அருகிலுள்ள ஊர் ஒன்றின் கல்வெட்டுத் தேர்தலை எடுத்துக்காட்டினார். அப்பிரிவே அரசியலமைப்பின் 40-ஆம் பிரிவு ஆயிற்று. 1993-இல் நடைமுறைக்கு வந்த 73-ஆம் திருத்தம் பஞ்சாயத்துகளில் மூன்றில் ஒரு பங்கு இடங்களையேனும் பெண்களுக்கு ஒதுக்கியது. தமிழ்நாடு 2016-இல் அதைப் பாதியாக உயர்த்தியது. குடம் பெரிதாகிவிட்டது, அதில் இப்போது எல்லார் பெயருக்கும் இடமுண்டு. நாம் முன்னோரிடம் கடன் வாங்கவேண்டியது குடத்தையன்று. விரித்த கையையும், காட்டிய கணக்கையுமே.

காணத்தக்கன

உத்திரமேரூருக்குச் செல்ல விரும்பும் நம் குடும்பங்கள் காஞ்சிபுரம் வரையிலோ செங்கற்பட்டு வரையிலோ ரயிலிற் சென்று, அங்கிருந்து பேருந்தில் செல்லலாம். பம்பாய் வழியில் வருவோர் அரக்கோணத்தில் இறங்கி, செங்கற்பட்டுக் கிளைப் பாதையில் காஞ்சிபுரம் சேர்வது எளிது.

முதலிற் காணவேண்டியது வைகுண்டப் பெருமாள் கோயில். மேற்சொன்ன கல்வெட்டுகள் அங்கேதான் உள்ளன. மத்திய அரசின் தொல்பொருள் துறையின் பாதுகாப்பில் உள்ள கோயில் அது. எழுத்துகளைப் படிக்க இயலாவிடினும், பிள்ளைகளை அச்சுவர்முன் நிறுத்திக் காட்டுங்கள்.

அடுத்தது சுந்தர வரதராசப் பெருமாள் கோயில். மூன்று தளங்களை உடைய விமானம் இதன் தனிச் சிறப்பு. கீழ்த்தளத்தில் பெருமாள் நின்ற கோலத்திலும், நடுத்தளத்தில் இருந்த கோலத்திலும், மேல்தளத்தில் கிடந்த கோலத்திலும் காட்சி தருகிறார். காஞ்சி வைகுந்தப் பெருமாள் கோயிலைக் கண்டவர்க்கு இதன் அமைப்பு எளிதில் விளங்கும். கைலாசநாதர் கோயிலும், பாலசுப்பிரமணியர் கோயிலும் இவ்வூரில் உள்ளன.

சுற்றுப்புறத்திலும் இரண்டு இடங்கள் உண்டு. ஒன்று திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடமாதலின் இப்பெயர். பழையசீவரத்திற்கு எதிர்க்கரையில் உள்ளது. அங்குள்ள பெருமாள் கோயிற் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் ஆண்ட வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று, 15 படுக்கைகள் கொண்ட ஆதுலர் சாலையைப் பற்றி விரிவாகக் கூறுகிறது. மருத்துவர், அறுவை மருத்துவர், மூலிகை கொணர்வோர், நோயாளரைப் பேணும் பெண்டிர் ஆகியோர்க்குரிய ஊதியமும், இருப்பில் வைக்கவேண்டிய மருந்துகளும் அதில் எழுதப்பட்டுள்ளன.

மற்றொன்று வேடந்தாங்கல். உத்திரமேரூரிலிருந்து ஒரு மணி நேரத்துக்குள் சென்றடையலாம். கார்த்திகை முதல் மாசி வரையில் நத்தைகுத்தி நாரையும், கூழைக்கடாவும், அரிவாள்மூக்கனும், நீர்க்காகமும் அவ்வேரியின் மரங்களில் கூடு கட்டும். பறவைகளின் எச்சம் கலந்த நீர் கழனிக்கு நல்ல எரு என்பதை அவ்வூர் உழவர் நெடுங்காலமாக அறிவர். பறவைகளைச் சுட வந்தவர்களை எதிர்த்து முறையிட்டு, கும்பினியார் காலத்திலேயே, 1798-இல், கலெக்டரிடம் பாதுகாப்புரிமை பெற்றவர்கள் அவர்கள். 2022-இல் அவ்வேரி ராம்சர் பட்டியலில் இடம்பெற்றது. அதை முதலில் காத்தவர்கள் ஏரிநீரை நம்பி வாழ்ந்த உழவர்களே.

ஏரியும் நாமும்

ஏரி மராமத்தை ஊராரே கூடிச் செய்யும் வழக்கத்திற்குக் குடிமராமத்து என்று பெயர். அவ்வழக்கம் தளர்ந்து, ஏரிகள் அரசாங்கத்தின் பொறுப்பில் வந்தபின், கரை யாருடையது என்னும் உணர்ச்சியும் மங்கியது. தமிழ்நாட்டு அரசு 2017-இல் குடிமராமத்து என்னும் பழம்பெயராலேயே ஒரு திட்டத்தைத் தொடங்கியது. பெயர் மீண்டது நன்று, உணர்ச்சியும் மீளவேண்டும்.

இதில் தொலைவில் வாழும் நமக்கு என்ன பங்கு என்று கேட்கலாம். பங்கு உண்டு, அதுவும் பெரிய பங்கு. நம்மில் பலர் ஓய்வு பெறும் நாளில் கிடைக்கும் சேமநிதியைக் கொண்டு, செங்கற்பட்டுப் பக்கமோ காஞ்சிபுரம் பக்கமோ ஒரு மனை வாங்கி வீடு கட்ட எண்ணுகிறோம். விற்பவர் கோடைக்காலத்தில் அழைத்துச் சென்று காட்டுவார். தரை சமமாக இருக்கும். விலையும் குறைவாக இருக்கும். அது ஏன் சமமாக இருக்கிறது என்று நாம் கேட்பதில்லை. அது ஏரியின் உட்பரப்பாக இருக்கலாம், வரத்துக்காலாக இருக்கலாம், கலங்கல் நீர் ஓடும் வழியாக இருக்கலாம். 2015 டிசம்பர் முதல் வாரத்தில் சென்னையிலும் சுற்றுப்புறத்திலும் வெள்ளம் வீடுகளுக்குள் புகுந்தபோது, தான் முன்பு தேங்கிய பல இடங்களுக்கும் நீர் திரும்பி வந்ததை நாடே கண்டது. நீர் தன் வழியை மறப்பதில்லை.

ஆகவே அன்பர்களே, மனை வாங்குமுன் கிராமக் கணக்கிலே அந்நிலம் எவ்வகையினது என்று பாருங்கள். ஊரிலுள்ள முதிய உழவர் ஒருவரை அழைத்து, ஐப்பசி அடைமழையில் இங்கே நீர் நிற்குமா என்று கேளுங்கள். ஏரியைத் தூர்த்து நாம் கட்டும் வீடு, நம் அண்டை ஊரான் நெல்லையும் அழித்து, நம் பேரன் தூங்கும் அறையையும் நனைக்கும். மெழுகில் ஒட்டிய பொற்றுகளையும் ஏரிக்குக் கொடுத்தவர்களின் வழிவந்தவர்கள் ஏரியையே விலைக்கு வாங்குதல் தகுமா?

நம் சங்கமும் ஒரு சிறு ஊரே. பிறந்த மண்ணை விட்டு வந்த நாம், நூலகத்திற்கும், பிள்ளைகளின் தமிழ் வகுப்பிற்கும், பொங்கல் விழாவிற்கும் மாதந்தோறும் கொடுக்கும் சந்தாவே நம் ஏரி நீர். அதைக் காக்கும் பொறுப்பு ஆண்டுதோறும் கைமாற வேண்டும். கணக்கு ஆண்டுதோறும் எல்லார் முன்னும் படிக்கப்பெற வேண்டும். புதிதாக வந்த குடும்பத்திற்கும் அதைக் கேட்கும் உரிமை வேண்டும். இவற்றை நாம் செய்துவருமளவும், உத்திரமேரூர் தொண்டை மண்டலத்தில் மட்டுமன்றி, நம் காலனியிலும் இருக்கும்.

வாழ்க தமிழ்! வளர்க நம் சங்கம்!